இலையில் வைத்த மிச்சம்

ஆலிலை தைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஈர்க்கின் நுனி மேலே நீட்டிக்கொண்டு நின்றால், சோறு பிசைகிறவன் விரலில் குத்தும். என் மனைவி தைத்த இலை யார் விரலிலும் குத்தியதில்லை. ஈர்க்கை ஒடிக்கும் முன் அதன் நுனியை அடுத்த இலைக்கு அடியில் செருகிவிடுவாள். இலைக்கட்டைப் பிரித்துக் கலைத்துப் போட்டாலும், அவள் தைத்தது எது, அவள் அக்காள் தைத்தது எது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவள் தைத்த இலையில் நான் தின்ற சோற்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்கு நடந்து போகிற தூரம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சுதந்திரம் வந்த மறு வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது எங்களுக்குக் கொஞ்சம் வானம் பார்த்த நிலம் இருந்தது. அடுத்த சில வருஷம் வானம் அதைப் பார்க்கவே இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஊரில் பச்சையாக நின்றது கண்மாய்க்கரை ஆலமரங்கள் மட்டும்தான். நான் காலையில் ஏறி இலை பறித்துப் போடுவேன். அவள் நாள் முழுக்கத் தைத்து, கல்லை வைத்து அமுக்கி, கட்டாகக் கட்டி வைப்பாள். சந்தை நாளில் கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு அறந்தாங்கிக்கு நடப்பேன்.

அங்கே சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை இருந்தது. எங்கள் இலையை வாங்குவது அந்தக் கடைதான். அங்கே சமையல் செய்கிறவரைப் பண்டாரி என்பார்கள். பருத்த ஆள். எப்போதும் தோளில் ஈரத் துண்டு கிடக்கும். பார்த்த முதல் நாளே என்னை மாப்ளே என்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் அவர்களும் நாங்களும் அப்படி முறை வைத்துப் பேசுவது உண்டு. பதிலுக்கு நான் மச்சான் என்று சொல்ல வேண்டும். எனக்கு வெட்கத்தில் வாய் வராது. கட்டை இறக்கி வைத்துவிட்டு நிற்பேன்.

சிறு வயதிலிருந்தே நான் அப்படித்தான். ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. விருந்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்க்க மாட்டேன், இலையைத்தான் பார்ப்பேன். ஆனால் ஒரு வீட்டுக் குழம்பைத் தின்றால் அந்த வீட்டுக்காரர்களோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்த மாதிரி எனக்கு ஆகிவிடும். மிளகாய் கூடுதலாக அரைக்கிற கோபம், தேங்காயைச் சிக்கனமாகப் போடுகிற பயம், எல்லாம் நாக்கில் தெரியும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு சந்தை நாளில் பண்டாரி தாளிச்சா கிண்டிக்கொண்டிருந்தார். பருப்பும் எலும்பும் கத்தரிக்காயும் போட்டு அவர்கள் வைக்கிற குழம்பு அது. குழம்பை அவர்கள் ஆணம் என்பார்கள். ஏதோ சரியில்லை என்று அவருக்கே ஐயம் வந்து, கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் உள்ளங்கையில் வாங்கி நக்கிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன். என்ன மாப்ளே, ஊமையா நீ, என்றார். புளி ரெண்டு தடவை ஊத்தியிருக்கு, என்றேன். அவர் திரும்பி அடுப்படியில் கிடந்த புளிச்சட்டிகளைப் பார்த்தார். இரண்டும் காலியாக இருந்தன. ஒன்று ரசத்துக்கென்று கரைத்து வைத்தது.

அன்று அவர் எனக்கு அடுப்படியிலேயே இலை போட்டார். ஊரெல்லாம் அரிசிக்குக் கட்டுப்பாடாக இருந்த காலம். அந்தக் கடையிலும் சந்தை நாளில் மட்டும்தான் சோறு. வேண்டாம் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். உட்கார்ந்தேன். ஈர்க்கைத் தடவிப் பார்த்தேன், அவள் தைத்த இலை. வெள்ளைச் சோறும் கறியாணமும் தின்று எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒரு பருக்கை விடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கேப்பைக் களி கிண்டி வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் தின்பதற்கு, விற்க முடியாத ஓட்டை இலை. எங்கள் பக்கத்தில் புருஷன் தின்று எழுந்த இலையிலேயே பெண்சாதி போட்டுத் தின்பது வழக்கம். புருஷன் கொஞ்சம் மிச்சம் வைத்து எழுந்தால் அது பிரியம் என்று பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அன்று வயிறு நிறைந்திருந்தது. பாதிக் களிக்கு மேல் இறங்கவில்லை. ஏன் வச்சிட்டீங்க என்று கேட்டாள். கடையில் தின்றேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் ஒன்றும் கோபித்துக்கொள்கிறவள் இல்லை. ஆனால் அவள் வயிறு காலையிலிருந்து காய்ந்து கிடந்தது எனக்குத் தெரியும். போதும், என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமாகி அதுவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு என் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்றாள்.

அந்தப் பார்வைக்காகத்தான் அடுத்த சந்தைக்கும் சொல்லவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் சொல்லவில்லை. பண்டாரி வாரா வாரம் கரண்டியை நீட்டுவார், உப்புச் சொல்வேன், காரம் சொல்வேன், பிறகு இலை விழும். கிளம்பும்போது வாசம் போகக் கையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். வீட்டில் பாதியை மிச்சம் வைப்பேன். அவள் அதைத் தன் அக்காளிடம் சொல்லியிருக்கிறாள். அக்காள் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், வாய் துடுக்கு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் புருஷனை இழுப்பாள்.

"ஒங்களை மாதிரி ஒரு ஆளு எனக்கு வாய்க்கலையே. எங்க வீட்டு மனுசன் களியைத் தின்னுட்டுச் சட்டியும் வெந்துருச்சான்னு கடிச்சுப் பாப்பாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

அவள் உண்டானபோது இன்னொன்று நடந்தது. சந்தை நாளில் நான் விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக, மற்ற நாளில் அவள் எனக்குக் கூடுதலாக வைக்க ஆரம்பித்தாள். பெரிய உருண்டை எனக்கு. சட்டியில் ஒட்டினது அவளுக்கு. கேட்டால், மசக்கை, உள்ளே இறங்கவில்லை என்பாள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ரேஷன் கடையில் போட்ட சிவப்புச் சோளத்தை இடித்துக் காய்ச்சின கஞ்சியில்கூட அவள் கைக்கு உப்பு ஒரு நாளும் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அதை நான் அவளிடம் சொன்னதில்லை. ஊரான் ஆணத்துக்கு உப்புச் சொன்னவன், வீட்டுக் கஞ்சிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பங்குனியில் ஆண் குழந்தை பிறந்தது. கையளவுதான் இருந்தது. தாய்க்குப் பால் இறங்கவில்லை என்று மருத்துவச்சி சொன்னாள். பதினோரு நாள் இருந்தது. அது எதனால் போனது என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷம் எங்கள் ஊரில் இன்னும் சில வீடுகளிலும் அப்படிப் போனது. அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

அந்த வருஷம் நோன்பு கோடையில் வந்தது. பள்ளிவாசல் கஞ்சியைக் காய்ச்சுவது பண்டாரிதான். நோன்பு வைத்திருக்கிறவர் நாக்கில் எதையும் வைக்க மாட்டார். கஞ்சிக்கு உப்புப் பார்க்க ஆள் வேண்டும். என்னை வரச் சொன்னார். அந்த மாதம் முழுக்கத் தினமும் மத்தியானத்துக்கு மேல் அறந்தாங்கிக்கு நடந்து போய், அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கிற அந்தப் பெரிய தேக்சாவுக்குப் பக்கத்தில் நின்று உப்புச் சொன்னேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் பசியோடு இருந்தார்கள். நான் ஒருவன்தான் வாயில் வைத்தேன். என் வாயைப் பார்த்துக்கொண்டு அவர்கள் நின்றது எனக்கு என்னவோ போல இருந்தது. அப்போதுதான் பண்டாரி அவர்கள் கல்யாண விருந்தைப் பற்றிச் சொன்னார். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து தின்பார்களாம். ஒருவன் முன்னாலேயே எழுந்துவிட்டால் மற்றவர்களுக்கும் கை போகாதாம். அதனால் சின்ன வயிற்றுக்காரனும் மெதுவாகக் கொறித்துக்கொண்டே கடைசிவரை உட்கார்ந்திருப்பானாம். நான் தலையை நிமிர்த்தவில்லை.

கஞ்சி விஷயத்தை மட்டும் அவளிடம் மறைக்கவில்லை. தூக்குவாளியில் வீட்டுக்கும் கொடுத்துவிடுவார்கள். குழந்தை போனதிலிருந்து அவள் எதையும் சரியாகத் தின்னவில்லை. அந்தக் கஞ்சியை மட்டும் குடித்தாள். நான் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பாள். தெருவில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, தொப்பி எப்பப்பா வாங்கப் போற என்று கேட்டார். அவள் வாசலிலிருந்தே சொன்னாள்:

"வாளி பத்தலைங்க மாமா. தொப்பி வாங்கினா அதுலயும் கொஞ்சம் கஞ்சி வாங்கிட்டு வரலாம்."

குழந்தை போன பிறகு அவள் கேலியாகப் பேசியது அன்றுதான்.

பெருநாளன்று பண்டாரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். புதுக் கைலி, புதுச் சட்டை. கையில் ஒரு சட்டி நெய்ச்சோறும் ஒரு வாளி கறியாணமும். ஒரு மாதம் நான் வந்து போனதற்கு மரியாதை செய்ய வந்திருந்தார். அவள் பாய் எடுத்துப் போட்டு, மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, என் பெருமையைச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னார். அவர் மேல் குற்றம் கிடையாது.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரரு நாக்கு லேசுப்பட்ட நாக்கு இல்ல. சந்தைக்குச் சந்தை என் அடுப்படியிலதான் சாப்பிட்டுப் போறாரு. ஒரு நாளும் எலையில ஒரு பருக்கை மிச்சம் வச்சதில்ல. அப்படித் தின்னுறவனுக்குத்தான் ஆக்கிப் போட ஆசையா இருக்கும்."

நான் தரையைப் பார்த்தேன். அவள் காலி மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்ண்ணே. இவங்க சொல்லியிருக்காங்க."

அவர் போனதும் அவள் எனக்கு இலை போட்டு நெய்ச்சோற்றை வைத்தாள். அன்று இரண்டு வாய்தான் தின்றேன். உண்மையிலேயே மிச்சம் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் அந்த இலையை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டினாள். உள்ளே வந்து இலைக்கட்டிலிருந்து ஒரு இலையை உருவித் தனக்கு வேறாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நெய்ச்சோறு வைத்துக்கொள்ளவில்லை. காலையில் மீந்த களியைத்தான் வைத்துக்கொண்டாள்.

அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு இலை. இலை தைக்கிற வீட்டில் இலைக்கா பஞ்சம்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சமைத்துப் போடுவாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பாள், ஏங்க என்றுதான் கூப்பிடுவாள். நான் கடையில் தின்பதை நிறுத்தினேன். வயிறு சரியில்லை என்று பண்டாரியிடம் சொல்லிவிட்டு, உப்பை மட்டும் பார்த்துத் துப்பிவிட்டு வந்தேன். சந்தை நாளில் பசியோடு வந்து உட்கார்ந்து, பசியோடேயே பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். அது கோழிக்குத்தான் போனது. எத்தனையோ மாதம் செய்து பார்த்தேன். கோழி கொழுத்ததுதான் மிச்சம். மழை வந்து, கண்மாய் நிறைந்து, வீட்டில் நெல் வந்த பிறகும் இரண்டு இலைதான். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் போனது. அவளுக்குக் காலும் முகமும் வீங்க ஆரம்பித்தது. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, உப்பைத் தொடவே கூடாது என்று சொன்னார். அவளுக்கு அடுப்புப் பக்கம் உட்கார முடியவில்லை. நான் சமைக்க ஆரம்பித்தேன். நாக்குக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. சோறு குழைந்தது, கீரை கருகியது. எல்லாவற்றையும் உப்பில்லாமல் வைத்தேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைக்கவில்லை. ஒரே சட்டிதான்.

உப்பில்லாத சோறு தின்னத் தின்ன வாயில் மண் மாதிரி சுற்றும். அவள் ஒரு வாய் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மெல்லுவாள். எதிரே உட்கார்ந்து நானும் மெல்லுவேன். பார்த்துக்கொண்டே இருப்பாள். ஐந்தாறு நாள் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் கேட்டாள்.

"ஒங்களுக்குத் தனியா உப்புப் போட்டுக்கிட்டீங்களா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நம்பாததற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. என்ன சொன்னாலும் அது வார்த்தைதான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தாள். கையை நீட்டி, என் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து வாயில் வைத்தாள்.

மென்றாள். கீரையையும் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் தன் இலைக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து என் இலையிலிருந்து இன்னும் இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாயில் களைத்துப்போய் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அங்க என்னதான் போடுவாங்க?"

சொன்னேன். தாளிச்சாவில் மாங்காய் போட்டால் எப்படி இருக்கும், கத்தரிக்காய் போட்டால் எப்படி இருக்கும், ஈரலை எப்போது இறக்கினால் கல்லாகாமல் இருக்கும், நெய்ச்சோற்றில் பட்டை எந்த இடத்தில் தெரியும் என்றெல்லாம் சொன்னேன். புளி இரண்டு தடவை விழுந்த கதையைச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நான் நிறுத்தியபோது, எந்த எலையில சாப்பிட்டீங்க என்றாள். நீ தச்ச எலையிலதான் என்றேன்.

"ஈக்கு குத்துச்சா?"

"இல்ல."

அன்றிலிருந்து ஒரு இலை போட்டோம். இரண்டு மாதம்கூட இல்லை. ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் படையலுக்கு, அவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்று எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். தங்கச்சிக்கு என்ன பிடிக்கும் என்று அவள் அக்காள் என்னைக் கேட்டாள். நான் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. பண்டாரி ஆணத்தில் விழுந்த ஒரு கிராம்பைச் சொல்லத் தெரிந்த எனக்கு, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. அவள் தின்றதெல்லாம் முதலில் நான் வைத்த மிச்சம், பிறகு எனக்குப் போக மீந்தது. அவள் ஆசையோடு காத்திருந்து குடித்து நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். நோன்புக் கஞ்சி என்று சொன்னேன். அங்கே இருந்தவர்களில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அக்காள்தான், அவளுக்குப் பிடிச்சதைக் குடுக்காம நமக்குப் பிடிச்சதையா குடுக்குறது என்று சொல்லி வாயை அடைத்தாள்.

பண்டாரிக்கு ஆள் அனுப்பினேன். அவருக்கும் வயதாகியிருந்தது. நோன்பு இல்லாத மாதத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கல் கூட்டி, மழைத்தூறலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கஞ்சி காய்ச்சினார். கொதித்து அடங்கியதும் பழக்கத்தில் கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன். படையலுக்கு வைப்பதை அதற்கு முன்னால் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. அவருக்கும் அது நினைவு வந்தது. கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். உப்புக் கல்லைக் கையில் அள்ளி, சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, எவ்வளவு என்று கேட்பது போல என்னைப் பார்த்தார்.

அவள் உப்பில்லாமல் தின்ற நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் போடுங்க மச்சான்," என்றேன்.